முந்நூறு பாட்டுக்கு மேல் பாடாத பென்

அத்தியாயம் 14

றோசாலிக்கு ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் பிறந்த நாள் மனப்பாடம். தன்னுடையது மட்டும் தெரியாது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவளுக்குப் பதினேழு வருடச் சேவை. கொழுந்துக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்து, மூக்குத் துடைத்து, தூங்கவைத்து, மாலையில் பெயர் சொல்லி ஒப்படைப்பாள். பிறந்த நாளென்றால் ஒரு டொபியும் உண்டு. புதிதாகக் கட்டிய மடுவத்துக்குப் பொறுப்பாளர் தேவை என்று அறிவித்தல் ஒட்டியபோது, தோட்டமே அவள் பெயரைத்தான் சொன்னது.

அறிவித்தலின் கடைசி வரி அவள் காலைப் பிடித்து இழுத்தது: பிறப்புச் சான்றிதழ் அவசியம்.

அவளுடைய அடையாள அட்டையில் வருடம் மட்டும்தான் இருந்தது. மாதமும் திகதியும் பூச்சியம். அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஞானஸ்நானப் பதிவு இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அடைமழையில் மண் சரிந்து, பங்குக் கோயிலின் பழைய அறை விழுந்து, பதிவேடுகள் எல்லாம் கூழாகிப் போயிருந்தன.

ஒரே ஒரு வழி மிச்சம். அவள் கணவன் ஜொனியின் அண்ணன் யேசுரத்தினம் அந்தக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாவதற்கு முந்திய வருடம், பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துத் தன் லெப்டொப்பில் வைத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவருடைய மனைவி, மதினி கலாராணி அந்த லெப்டொப்பை ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"அவரு எடுத்த போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். உள்ளே வரவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

இருந்தது சரி. ஆனால் லெப்டொப் எழும்பவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பதுளையில் பிறப்புப் பதிவுக்கு நடமாடும் சேவை, மூன்று மணி வரைக்கும். இன்று பதிந்தால் கையில் ஒரு பற்றுத் துண்டு கிடைக்கும். அந்தத் துண்டே போதும் என்று தோட்டத்து வெல்பெயார் ஐயா சொல்லியிருந்தார். விண்ணப்பம் நாளையோடு முடிகிறது.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இன்ஸாபின் போன் கடை. றோசாலியின் மகள் ஷிரோமி அங்கேதான் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். போன் கண்ணாடி மாற்றுவதில் தொடங்கி, இப்போது கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டாள். காலை ஒன்பதரைக்கே மூன்று பேரும் கடையின் பின்மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"நான் நேத்தே எல்லாம் ரெடி பண்ணிட்டேன்" என்று ஜொனி சட்டைப் பையிலிருந்து பென் ட்ரைவை எடுத்து வைத்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். பாட்டு ஏற்றுவதில் அந்தத் தரிப்பிடத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "லெப்டொப் எழும்பாட்டியும் பென்ல இருந்தே ஓடும்னு நீ சொன்ன லினக்ஸை இதுல ஏத்திட்டேன். அறுபத்திநாலு ஜிபி!"

ஷிரோமி பென்னைச் செருகி லெப்டொப்பைப் போட்டாள். கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வெள்ளை வரி.

"என்னவாம்?" என்றாள் றோசாலி.

"எழும்புறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்." ஷிரோமி பென்னைப் பிடுங்கிக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, பாட்டு ஏத்துற மாதிரி அப்படியே கொப்பி பண்ணி வச்சிருக்கீங்க!"

"பின்ன எப்படி ஏத்துறது?"

"தகரமும் பலகையும் லொறியில வந்து எறங்கினா வீடாயிடுமா? கட்டணும்ல? இதைப் பிரிச்சு, இருக்கிற எடத்துல இருக்கிற மாதிரி எழுதணும். அதுக்கு வேற சொப்ட்வெயார் இருக்கு."

"அதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"தொடாதீங்கன்னுதான் நேத்தே சொன்னேன்."

முன்மேசையில் ஒரு போனுக்குச் சிம் போட்டுக்கொண்டிருந்த இன்ஸாப் திரும்பாமலே சொன்னார்: "ஜொனி அண்ணன், உங்கட மகள் எனக்கும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதத்தான் சொல்ற."

ஷிரோமி புதிதாக எழுதினாள். பத்து நிமிடம் போனது. மறுபடி செருகி லெப்டொப்பைப் போட்டால், அது பென்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பழைய சிஸ்டத்தைத் தேடிப் போய், வழக்கம் போல நீலமாகி நின்றுவிட்டது.

"வழியிலேயே மறிக்கணும்" என்றாள் ஷிரோமி. "போட்ட உடனே எஃப் பன்னிரண்டைத் தட்டினா, எந்தப் பக்கம் போறதுன்னு நம்மகிட்டக் கேக்கும். நான் வயரைப் பிடிச்சுக்கிறேன், பெட்டரி செத்துப்போச்சு, அசைஞ்சா நின்னுடும். அம்மா, நீ தட்டு. விடாமத் தட்டிக்கிட்டே இரு."

றோசாலி தயங்கினாள். பிறகு, தொட்டிலில் சிணுங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவது போல, ஒரே தாளத்தில், மெதுவாக, நிறுத்தாமல் தட்டத் தொடங்கினாள்.

திரையில் ஒரு பட்டியல் விரிந்தது.

"பாத்தீங்களா, அம்மா கைக்கு அடங்கிருச்சு!" என்றாள் ஷிரோமி.

பட்டியலில் பென்னைத் தெரிந்தெடுத்தாள். எழுத்துகள் மறைந்து நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. ஜொனி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு அப்படியே நின்றது. மேலிருந்து கீழாக வெள்ளை வரிகள் கொட்டின. வாசிக்க முடியவில்லை, வாசிக்க முடியவில்லை என்று ஒரே புலம்பல்.

மணி பதினொன்று.

ஷிரோமி பென்னை மற்றத் துளையில் மாற்றிச் செருகினாள். அதே கதி. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அதே கதி. டவுன்லோட் செய்ததே பழுதோ என்று சந்தேகம் வந்தது.

"அதுக்கு ஒரு வழி இருக்கும்மா. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒண்ணு இருக்கு. அவங்க போட்டிருக்கிறதும் நம்மகிட்ட இருக்கிறதும் ஒண்ணான்னு பாக்கணும்."

திரையில் மேலும் கீழுமாக இரண்டு நீள வரிகள் வந்தன. எழுத்தும் இலக்கமும் கலந்து கிடந்தன. ஷிரோமி ஒரு வரியை வாசிக்க, றோசாலி மற்றதில் விரல் வைத்துக்கொண்டே போனாள். அறுபத்துநான்கு இடம். எல்லாம் பொருந்தியது.

"இதுக்குள்ள கோடிக்கணக்கில எழுத்திருக்கு. அதுல ஒண்ணு பிசகினாலும் இந்த வரி முழுசா மாறிடும்" என்றாள் மகள்.

றோசாலி விரலை எடுக்காமல் அந்த வரியையே பார்த்தாள். எங்கேயோ கண்காணாத தேசத்தில் யாரோ செய்தது, கடல் தாண்டி, மலை ஏறி, பதுளைக்கு ஒரு எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து கடைக்கு அனுப்பினால் அவள் புருஷன் மூன்று சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருவார்.

"அப்ப டவுன்லோட்ல பழுது இல்லை" என்று ஷிரோமி நெற்றியைத் தேய்த்தாள். "லெப்டொப்பே போயிருச்சோ என்னமோ."

"ஷிரோமி" என்றாள் றோசாலி மெல்ல. "மூணு தடவையும் ஒரே எடத்துலதான் நிக்குது. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். வட்டம் இருபத்தாறு சுத்து. அதுக்கு மேல போகல்ல."

ஷிரோமி நிமிர்ந்தாள். "ஒரே எடமா?"

"ஒரே எடம்."

அப்போதுதான் ஜொனி தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லலாமா? அந்தப் பென்னு அப்படித்தான்."

"எப்படி?"

"முந்நூறு பாட்டுக்கு மேல பாடாது. எத்தனை ஏத்தினாலும் ஏறும், பேரெல்லாம் காட்டும். ஆனா முந்நூறு தாண்டினா சத்தம் வராது. நான் வண்டி செட்டுலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

இன்ஸாப் கையிலிருந்த சிம்மை வைத்துவிட்டுத் திரும்பினார். "இத எங்க எடுத்தீங்க?"

"தெமோதரைக்குக் கிட்ட, ரயில்ல ஒருத்தன் கூவி வித்தான்..."

"அல்லாஹ்வே! அறுபத்திநாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு ஜிபி பென்னுக்குப் பொய்ச் சட்டை போட்டு வித்திருக்கான். ரெண்டுக்கு மேல எழுதுறதெல்லாம் காத்துல போகும். எழுதியாச்சி எண்டு மட்டும் சொல்லும்."

ஷிரோமி தலையில் கைவைத்துச் சிரித்தாள். றோசாலி சிரிக்கவில்லை. கணவனைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"ஏங்க, வேளாங்கண்ணி மாதா பாட்டுப் போடுங்கன்னு எத்தனை நாள் கேட்டிருப்பேன்? வண்டி பாடாது, வண்டி பாடாதுன்னீங்களே. அது எத்தனையாவதா இருந்துச்சு?"

ஜொனி கூரையைப் பார்த்தார். "ஒரு... நானூறு இருக்கும்."

"சினிமாப் பாட்டெல்லாம் முன்னுக்கு. மாதா காத்துல."

இன்ஸாப் ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பும் நேரம். தொப்பியை எடுத்துப் போட்டவர், வாசல் வரை போய்த் திரும்பிவந்து, சாவிக் கொத்திலிருந்து ஒரு சின்னப் பென்னைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது நல்ல சாமான். ஆனா இதுல என்ட மகள் நஸ்மியாட கல்யாண வீடியோ இரிக்கி. மொதல்ல அத கம்ப்யூட்டருக்கு எடுத்து வெச்சிட்டு எழுதுங்க மகள். அவசரத்துல அழிச்சிடாதீங்க. உம்மாக்காரி என்னைய வீட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

வீடியோவைப் பத்திரமாக எடுத்து வைக்கவே இருபது நிமிடம் ஓடியது. எழுதி முடித்து, எழுதியது சரியா என்று அதையே திரும்ப வாசிக்கவைத்து, பன்னிரண்டு ஐம்பதுக்குப் பென்னை லெப்டொப்பில் செருகினாள் ஷிரோமி. றோசாலி தட்டினாள். பட்டியல் வந்தது. வட்டம் சுற்றியது.

இருபத்திநாலு. இருபத்தைந்து. இருபத்தாறு.

றோசாலி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

இருபத்தேழு.

திரை ஒரு நொடி இருண்டது. பிறகு, ஓசையில்லாமல், விளிம்பு முதல் விளிம்பு வரை வெளிச்சம் பரவியது. விடியற்காலையில் நமுனுகுலை மலைக்குப் பின்னால் வெயில் ஏறி, ஒவ்வொரு மலையாகத் தொட்டுத் தொட்டு இறங்குமே, அப்படி. கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். மூலையில் மணிக்கூடு. அம்புக்குறி அசைந்தது.

பாதிக் கதவுக்கு வெளியே பஸ்காரன் "பசறை, பசறை" என்று கத்துவது எங்கேயோ கேட்டது.

"இது செத்துப்போச்சுன்னாங்களே" என்றார் ஜொனி, கோயிலுக்குள் பேசுகிற குரலில். "இப்ப உள்ள இருக்கிறது யாரு?"

"உள்ள யாருமில்லப்பா. எல்லாம் இந்தப் பென்னுக்குள்ள இருந்துதான் வருது. புடுங்கினாப் போயிடும்."

றோசாலி குனிந்து பார்த்தாள். லெப்டொப்பின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது அவள் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஒரு தேயிலை விதையளவு. அதற்குள்ளிருந்து இத்தனை வெளிச்சம், இத்தனை ஒழுங்கு, ஒரு செத்த உடம்பை எழுப்பி உட்காரவைக்கிற இத்தனை பலம். தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. அணைந்துவிடுமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்ஸ்டோல்னு போட்டிருக்கே, அதைத் தட்டு" என்று ஜொனி விரலை நீட்டினார்.

ஷிரோமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள். "அப்பா! அதைத் தட்டி, அது கேக்கிறதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொன்னா, உள்ள இருக்கிறது மொத்தமாத் தொடச்சிட்டுப் புதுசாக் குடியேறும். பெரியப்பா எடுத்த போட்டோவும் சேந்துதான் போகும். லினக்ஸ் போடுறது பிறகு. இப்ப அவரோட டிஸ்க்கை எட்டிப் பாக்க மட்டும்தான் போறோம்."

ஜொனி கையை இழுத்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதன்பிறகு அவற்றை முன்னுக்கு எடுக்கவே இல்லை.

பழைய டிஸ்க்கைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. முன்பு சரியாக மூடாததால், வாசிக்க மட்டும் விடுமாம். எதையும் எழுத விடாதாம்.

"வாசிச்சாப் போதும்" என்றாள் றோசாலி.

கல்யாணப் படங்கள், செபப் புத்தகங்கள், பாடல் தாள்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஃபோல்டர்: ஞானஸ்நானம். அதற்குள் வருடம் வருடமாக அடுக்கியிருந்தார் மனுஷன். ஷிரோமி எழுபத்தொன்பதைத் திறந்தாள். அடையாள அட்டையில் இருந்த வருடம் அதுதான்.

முதல் பக்கம் திரையை நிறைத்தது. பழுப்பேறிய தாள். சாய்வான ஆங்கில எழுத்தில் பெயர்கள். தாளின் கீழ் மூலையில், அது மடங்காதபடி அழுத்திப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல்.

ஜொனி திரைக்குக் கிட்டக் குனிந்தார். "அண்ணன்ட விரல்" என்றார். "பாரு, நகத்துல வெட்டுக் காயம். தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டது. சின்னதுல."

அடுத்த பக்கத்திலும் அந்த விரல் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும். நூற்றுக்கணக்கான பக்கம், ஒவ்வொன்றிலும் மூலையில் அதே விரல். மழைக்கும் மண்ணுக்கும் முன்னால், ஒருவரும் கேட்காமல், ஒருவரும் பார்க்காமல், தனியே உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எழுபத்தொன்பதில் அவள் இல்லை. எண்பதிலும் இல்லை. மணி ஒன்று நாற்பது.

"எழுபத்தெட்டைப் பாரு" என்றாள் றோசாலி.

பதினோராவது பக்கத்தில் ஷிரோமியின் கை நின்றது.

"அம்மா. றோசாலி. அப்பா மைக்கேல், அம்மா மதலேனாள், ஸ்பிரிங்வெளி." அவள் விரலை ஓட்டி வாசித்தாள். "பிறந்தது ஜூன் பதினொண்ணு."

ஜூன் பதினொன்று. றோசாலி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மடுவத்தில் அந்தத் திகதியில் பிறந்த பிள்ளை எதுவும் கிடையாது. அந்த நாள் இத்தனை வருடமும் ஆளில்லாமல் சும்மா கிடந்திருக்கிறது.

"ஒரு வயசு கூடிப்போச்சு ஒனக்கு" என்றார் ஜொனி. கண்ணைத் துடைக்கக் கையை முன்னால் எடுக்காமல், தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

பக்கத்தை அச்செடுத்து உறையில் போட்டு, ஷிரோமியைக் கடையில் விட்டுவிட்டு, ஆட்டோ நடமாடும் சேவை நடக்கும் மண்டபத்துக்குப் பறந்தது. தாளில் கையெழுத்திடப் பங்குச் சுவாமியார் சொன்னபடியே அங்கே வந்திருந்தார். புதிதாக வந்த இளம் வயதுக்காரர். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"றோசாலி, இந்த ஓரத்துல சின்னதா எழுதியிருக்கு பாருங்க. அது உங்க கல்யாணம். ரெண்டாயிரத்து ரெண்டு, ஜொனி, பதுளை. எங்க கல்யாணம் முடிச்சாலும், அந்தக் கோயில்ல இருந்து ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குக் கடிதம் வரும். பேருக்குப் பக்கத்துல, ஓரத்துல எழுதி வைப்போம். அது நம்ம வழக்கம்."

"சரிங்க ஃபாதர்."

"உங்களுக்குக் கீழ இருக்கிற வரியிலயும் ஒரு கல்யாணம் எழுதியிருக்கே. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது, மடுல்சீமை." அவர் நிமிர்ந்தார். "அவங்க இப்பவும் மடுல்சீமையிலதானா?"

"யாருங்க ஃபாதர்?"

சுவாமியார் தாளை அவள் பக்கம் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். றோசாலி இங்கிலீசு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ஸ்டெல்லா, வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத பெயர். மைக்கேல். மதலேனாள். ஸ்பிரிங்வெளி. பிறந்த நாளும் அதே நாள்:

ஜூன் பதினொன்று.

"அடுத்தவங்க!" என்று பதிவாளரின் மேசையிலிருந்து குரல் வந்தது. ஜொனி உறையைப் பிடுங்காத குறையாக அவளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் எதையும் கேட்டிருக்கவில்லை, வரிசையில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதிவாளர் மிஸ் தாளைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், தலையாட்டினார். மளமளவென்று படிவத்தை நிரப்பினார். தகப்பன் பெயர். தாய் பெயர். பிறந்த இடம். றோசாலி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தன் குரலே அவளுக்குத் தூரத்திலிருந்து கேட்டது.

"கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேனா கட்டத்துக்கு வந்தது. றோசாலி முன்பு பதிய முயன்றபோது கொடுத்த மூன்று படிவமும் கோப்பில் இருந்தன. மூன்றிலும் ஒரே பதில். "இல்லைதானே?"

"இருக்கா மிஸ்" என்றாள் றோசாலி. "ஒருத்தி."

பேனா நின்றது. ஜொனி திரும்பிப் பார்த்தார்.

"உயிரோட இருக்காங்களா?"

"தெரியல்ல மிஸ். நாளைக்கு வந்து சொல்லட்டுமா?"

"நாளைக்கு இந்த மண்டபத்துல ஒரு குருவிகூட இருக்காது" என்றார் பதிவாளர். ஆனால் றோசாலியின் முகத்தைப் பார்த்தவர் பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்தார். துண்டைக் கிழித்து, முத்திரை குத்தி நீட்டினார். "உங்க துண்டு. பத்திரம்."

பதினேழு வருட உழைப்பு அந்தத் துண்டில் இருந்தது. றோசாலி அதை வாசிக்கவில்லை. நாலாக மடித்து ஜொனியின் சட்டைப் பையில் வைத்தாள்.

"என்னங்க" என்றாள். "மடுல்சீமைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ் எதுக்கு?" என்றார் ஜொனி. வண்டியை மடுல்சீமைக்குப் போகும் பசறைப் பக்கம் திருப்பி நிறுத்தப் போனார்.